எஸ்குவிலின் மேடு: இடுகாடும் குப்பைமேடும் ஒரே இடத்தில் வந்தது எப்படி?

#1 கல்லெழுத்து

பழைய ரோமைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பிணத்தையும் குப்பையையும் ஒரே குழியில் கொட்டினார்கள்" என்று யாராவது ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து எழுதத்தான் இந்த இழை. முதலில் சட்டம்.

கி.மு. 450ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தின் பத்தாம் பலகை சாவுச் சடங்குகளுக்கு உரியது. "செத்தவரை நகருக்குள் புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்" என்பது அதில் ஒரு விதி. பிறர் வீட்டுக்கு 60 அடிக்குள் அவர் சம்மதமின்றிப் புதுச் சிதை அடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. ரோமானிய அடி 29.6 செ.மீ. என்பதால் இது ஏறக்குறைய 18 மீட்டர். சிதை விறகைக் கோடரியால் செதுக்கி அழகுபடுத்தக் கூடாது. குழல் ஊதுவோர் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பிணத்தோடு பொன் வைக்கக் கூடாது, பல் கட்டிய பொன் மட்டும் விலக்கு. ஆடம்பரத்தைக் குறைப்பதும் தீப்பிடிக்காமல் காப்பதும் ஒரே பலகையில் வருவதைக் கவனியுங்கள்.

இதன் விளைவு, சாவுக்கான இடம் முழுக்க நகர் வாசலுக்கு வெளியே போனது. ரோமின் கிழக்கே எஸ்குவிலின் வாசலுக்கு வெளியிலிருந்த பொதுநிலம் அப்படி ஒன்று. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூசியஸ் சென்டியஸ் என்ற பிரேட்டர் (நீதி நிர்வாக அதிகாரி) செனட்டின் முடிவுப்படி அங்கே எல்லைக்கற்கள் நட்டார். மூன்று கற்கள் கிடைத்திருக்கின்றன. வாசகத்தின் சாரம்: "இந்த எல்லைக்குள், நகரை ஒட்டி, யாரும் பிணம் சுடும் இடம் அமைக்க வேண்டாம். ஸ்டெர்குஸும் பிணமும் போட வேண்டாம்."

தடை இருக்கிறதென்றால் கொட்டல் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். அதே நேரத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம் கொட்டுவதற்குத் தடையில்லை. விளிம்பு என்பது யாரும் கேட்பாரற்ற வெளி அல்ல. எது எவ்வளவு தூரத்தில் என்று அளந்து வைக்கப்பட்ட வெளி. இந்த இழையில் நான் நிலைநாட்ட விரும்புவது இதைத்தான்.

#2 வினவி

இரண்டு சந்தேகம். பொமேரியம் என்கிறார்களே, அது கோட்டைச் சுவரா? இரண்டாவது, ஸ்டெர்குஸ் என்பதை மலம் என்று எடுப்பதா, சாணம் என்று எடுப்பதா, குப்பை என்றா?

#3 கல்லெழுத்து

பொமேரியம் சுவரல்ல. சடங்கு செய்து குறிக்கப்பட்ட நகர எல்லை. சில இடத்தில் சுவரோடு ஒட்டிப் போகும், சில இடத்தில் விலகும். அவென்டைன் குன்று பல நூற்றாண்டுகள் சுவருக்கு உள்ளேயும் பொமேரியத்துக்கு வெளியேயும் இருந்தது. விதிவிலக்கும் உண்டு: வெஸ்டா தேவதையின் பூசாரிகளான கன்னியரை நகருக்குள் புதைக்கலாம், பேரரசர் டிராஜனின் சாம்பல் அவருடைய தூணின் அடிப்பீடத்திலேயே வைக்கப்பட்டது.

ஸ்டெர்குஸுக்கு நம் ஊர்ப்புறத்துக் "குப்பை" மிகச் சரியான சொல். "வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்" என்று விவசாயி சொன்னால் அது தொழு உரம். சாணம், கூளம், சாம்பல், வீட்டுக் கழிவு எல்லாம் மக்கியது. லத்தீன் சொல்லும் அப்படித்தான், மனிதக் கழிவும் அதற்குள் அடக்கம். நகரத்துத் தமிழில் குப்பை என்றால் வேண்டாதது. அந்தப் பொருளை இங்கே ஏற்றிவிட்டால் பாதிச் செய்தி தொலைந்துபோகும்.

#4 தாழிக்காடு

எஸ்குவிலினில் ஏழைகளைப் புதைத்த பொதுக்குழிகளுக்குப் புட்டிகுலி என்று பெயர். அதைப் பற்றி நான் எழுதுகிறேன். வாரோ என்ற ரோமானிய அறிஞர் இச்சொல்லுக்கு இரண்டு வேர் சொல்கிறார். கிணறு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது, ஏனெனில் கிணறு போன்ற குழிகளில் புதைத்தார்கள். அல்லது அழுகுதல் என்ற வினையிலிருந்து வந்தது. இடம் எஸ்குவிலின் குன்றுக்கு அப்பால் உள்ள பொதுநிலம் என்று அவரே குறிக்கிறார்.

1870களில் ரோம் புதிய தலைநகராகி, அந்தப் பகுதியில் தெருக்கள் வெட்டப்பட்டபோது தொல்லியலாளர் ரொடோல்ஃபோ லான்சியானி இவற்றைக் கண்டு பதிவு செய்தார். சுமார் 75 குழிகள். ஒவ்வொன்றும் 12 அடிச் சதுரம், 30 அடி ஆழம், அதாவது சுமார் 3.7 மீட்டர் அகலமும் 9 மீட்டர் ஆழமும். பெரும்பாலானவற்றில் உள்ளிருந்தது கறுத்த, பிசுபிசுத்த, எண்ணெய்ப் பசையுள்ள ஒரே களிம்பு. சிலவற்றில் மட்டும் எலும்பைப் பிரித்தறிய முடிந்தது. மனிதப் பிணம், விலங்குச் சடலம், நகரக் கழிவு எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்ததாக எழுதினார்.

பெருஞ்சாவு நேரத்தில் கோட்டை அகழியின் ஒரு பகுதியையே பிணங்களால் நிரப்பியதாகவும் சொன்னார்: 160 அடி நீளம், 100 அடி அகலம், 30 அடி ஆழம், 24,000 பிணங்கள்.

இந்த 24,000 எண்ணப்பட்டதல்ல. 160 × 100 × 30 = 4,80,000 கன அடி. ஒரு பிணத்துக்கு 20 கன அடி என்று வகுத்தால் 24,000. அகழி முழுக்கப் பிணம் மட்டுமே, இடையில் மண்ணில்லை, இடிபாடில்லை என்று வைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பல நூல்களில் இது கண்டெடுத்த எண்ணிக்கை போலவே திரும்பத் திரும்ப வருகிறது. எடுத்தாள்பவர்கள் அந்த வகுத்தலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#5 மண்ணடுக்கு

தாழிக்காடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். களிம்பாகிவிட்ட குழியில் "எல்லாம் ஒன்றாகப் போடப்பட்டது" என்று முடிவு கட்டுவது ஆபத்து. 9 மீட்டர் ஆழக் குழி ஒரே நாளில் நிரம்பாது. கீழே பிணங்கள், மேலே பிற்காலத்தில் கொட்டிய கழிவு என்று இரண்டு கட்டமாக நிரம்பியிருந்தாலும், மென்தசை அழுகி உள்ளீடு அமுங்கும்போது மேலடுக்கு கீழிறங்கிக் கலந்துவிடும். எலி, நாய் தோண்டல் வேறு. முதலில் நிரப்பியது எது, பின்னால் சரிந்து இறங்கியது எது என்று அறியக் குழியைப் பாதியாக அறுத்துப் பக்கவெட்டைப் பார்க்க வேண்டும். 1870களின் அவசரத் தெருவேலையில் அது நடக்கவில்லை. குழிகள் மேல் இன்று கட்டடங்கள் நிற்கின்றன.

அகழி வேறு, புட்டிகுலி வேறு. முன்னது நெருக்கடிக்கு நிரப்பியது. பின்னது திட்டமிட்டுக் கல் அடுக்கிக் கட்டியது. கல் அடுக்கிக் கட்டிய ஒன்றைத் "தூக்கி எறிந்த குழி" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#6 ஈமவிறகு

பிணம் சுடும் இடத்தைத் தள்ளி வைத்ததற்கு நாற்றம் மட்டும் காரணமல்ல. செய்முறையைப் பார்த்தால் புரியும்.

இரண்டு முறை இருந்தது. ஒன்று, பொதுச் சுடலையில் எரித்து, எலும்பைப் பொறுக்கி வேறிடத்தில் அடக்குவது. சுடலைக்கு உஸ்ட்ரினா என்று பெயர், கல்வெட்டு தடுப்பது இதைத்தான். மற்றது, குழிக்கு மேலேயே சிதை அடுக்கி, எரிந்து விழுந்ததை அதே குழியில் மூடிவிடுவது. இதற்குப் புஸ்தும் என்று பெயர். தோண்டும்போது குழிச்சுவர் செம்மண்ணாகச் சுட்டிருந்தால் புஸ்தும். சுவர் சுடாமல் சாம்பலும் எலும்பும் மட்டும் இருந்தால் வேறிடத்தில் எரித்துக் கொண்டுவந்தது.

இன்றைய இந்தியத் திறந்த சிதைக்கு 400 முதல் 600 கிலோ விறகு ஆகிறது. அன்றைய சிதைக்கும் இதைவிடக் குறைத்து யோசிக்க முடியாது. கட்டைகளை ஒரு வரிசை நெட்டாக, அடுத்த வரிசை குறுக்காக அடுக்க வேண்டும். காற்று அடியிலிருந்து ஏற இடைவெளி வேண்டும். நெருக்கி அடுக்கினால் புகையும், எரியாது. தளர்த்தி அடுக்கினால் பாதி எரிகையில் சரிந்து உடல் ஒரு பக்கம் உருளும். அப்படி உருண்ட பகுதி வேகாமல் நின்றுவிடும். ஈர விறகில் வெப்பத்தின் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடும். கிளறிவிட ஆள் நிற்காவிட்டால் இடுப்பும் தொடையும் கடைசிவரை கருகியே கிடக்கும்.

எலும்பின் நிறம் இதைக் காட்டிக்கொடுக்கும். பழுப்பும் கறுப்பும் குறைந்த சூடு. நீலச் சாம்பல் நிறம் 600 டிகிரி செல்சியஸ் வட்டாரம். சுண்ணாம்பு வெள்ளையும் நுண்வெடிப்பும் 800க்கு மேல். ஒரே தாழியில் மண்டையோடு வெள்ளையாகவும் கால் கறுப்பாகவும் இருந்தால், விறகு ஒரு பக்கம் குறைந்தது என்று வாசிக்கலாம். வளர்ந்த ஒருவரின் எரிந்த எலும்பு 1 முதல் 2.4 கிலோ வரும். கலசங்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். முழுவதையும் பொறுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. தணலை மது ஊற்றி அணைத்துவிட்டு எலும்பு பொறுக்குவார்கள். நம் காடாற்று நினைவுக்கு வரும்.

அவசரமாக எரித்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்குவிலினிலேயே சான்று இருக்கிறது. கி.பி. 41இல் கொல்லப்பட்ட பேரரசர் கலிகுலாவின் உடலை லாமியா தோட்டத்துக்கு மறைவாகக் கொண்டுபோய், அவசரச் சிதையில் அரைகுறையாக எரித்து, மேலாகப் புல்மண் போட்டு மூடினார்கள். நாடு கடத்தப்பட்டிருந்த சகோதரியர் திரும்பிவந்து, தோண்டி எடுத்து, முறையாக எரித்து அடக்கினார்கள். பேரரசருக்கே இந்த நிலை என்றால் விறகு வாங்க வழியில்லாத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

#7 வினவி

இதையெல்லாம் செய்தது யார்? அடிமைகளா, அரசு ஊழியர்களா?

#8 கல்லெழுத்து

ரோமுக்கு விதிமுறை முழுதாகக் கிடைக்கவில்லை. தெற்கே பொட்சுவோலியில் (பழைய புத்தேயோலி துறைமுகம்) கல்லில் வெட்டிய ஒப்பந்த விதி கிடைத்திருக்கிறது. இந்தத் துறையில் இதைவிட விவரமான ஆவணம் கிடையாது.

நகராட்சி இந்த வேலையை ஒரு குத்தகைதாரருக்கு விடுகிறது. அவர் குறைந்தது 32 ஆட்கள் வைத்திருக்க வேண்டும். வயது 20க்குக் குறையக் கூடாது, 50ஐத் தாண்டக் கூடாது. புண் உள்ளவர், ஒற்றைக்கண்ணர், கை முடங்கியவர், நொண்டி, குருடர், சூட்டுக்குறி இடப்பட்டவர் ஆகாது. நேரக் கணக்கு கறாரானது: தூக்கில் தொங்கும் உடல் என்று தகவல் வந்தால் அந்த மணிக்குள் இறக்கி எடுக்க வேண்டும். அடிமையின் உடல் பற்றிப் பகல் பத்தாம் மணிக்கு (சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது) முன் சொன்னால் அன்றே. அதற்குப் பின் சொன்னால் மறுநாள் இரண்டாம் மணிக்குள். முதலில் சொன்னவருக்கு முதலில் போக வேண்டும். ஆனால் நகர்மன்ற உறுப்பினர் இறந்தாலோ, சாகும் வயதில்லாத ஒருவர் இறந்தாலோ அங்கே முந்திப் போக வேண்டும். பிணத்தைப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு ஒரு பிணத்துக்கு 60 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம்.

அதே குத்தகைதாரருக்குத் தண்டனை நிறைவேற்றும் வேலையும் உண்டு. கொக்கியால் இழுத்துப்போக வேண்டிய உடல் என்றால் ஆட்கள் சிவப்பு உடுத்தி, மணி அடித்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த ஆட்கள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. சாவுச் சடங்குகளுக்கு உரிய லிபிட்டினா தேவதையின் சோலை உள்ள கோபுரத்துக்கு உட்பக்கம் தங்கக் கூடாது. வேலைக்கு மட்டுமே நகருக்குள் வரலாம், வரும்போது தலையில் நிறக் குல்லாய் போட்டிருக்க வேண்டும். இந்த வரிகளைத் தமிழர் ஒருவர் படித்தால் விளக்கம் தேவைப்படாது. வேலை இல்லாமல் ஊர் நடக்காது, வேலை செய்கிறவர் ஊருக்குள் இருக்கக் கூடாது. அங்கே அது பிறப்பால் வந்ததல்ல, குத்தகையால் வந்தது. வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த 32 பேருக்கு அன்றாடம் அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

#9 எருமேடு

குப்பைப் பக்கத்துக்கு வருகிறேன். "நகருக்கு வெளியே கொட்டினார்கள், முடிந்தது" என்பது பாதி உண்மைகூட இல்லை. அது விலைபோன பொருள்.

கி.மு. முதல் நூற்றாண்டின் ஹெராக்லேயா வெண்கலப் பலகையில் ரோம் நகரப் போக்குவரத்து விதி இருக்கிறது. பகலில் முதல் பத்து மணி நேரம் நகருக்குள் வண்டி ஓட்டத் தடை. விலக்கு பெற்றவற்றில் ஒன்று, இரவில் வந்துவிட்டு வெறுமையாகவோ குப்பை ஏற்றிக்கொண்டோ வெளியேறும் வண்டி. காய்கறி கொண்டுவந்து இறக்கிய வண்டி திரும்பும்போது குப்பையோடு போவது இதில் தெரிகிறது. தெருத் துப்புரவுக்கு நகருக்குள் நான்கு பேர் கொண்ட குழுவும், வெளியே ஒரு மைல் தூரம்வரை இரண்டு பேர் கொண்ட குழுவும் அதே பலகையில் வருகின்றன. விளிம்பும் நிர்வாகத்துக்கு உட்பட்டதே.

பெரும்பாலான வீடுகள் சாக்கடையோடு இணைக்கப்படவில்லை. இணைத்தால் வெள்ளக் காலத்தில் டைபர் நீர் எதிர்த்து ஏறும். எலியும் வாடையும் வரும். ஆகவே வீட்டுக்குள் உறிஞ்சுகுழி, அதுவும் அடுப்படிக்குப் பக்கத்திலேயே. அதை ஆள் வைத்து அள்ள வேண்டும். ஹெர்குலேனியத்தில் ஒரு சுவர்க்கிறுக்கல் "கழிவு அள்ளியது, 11 அஸ்" என்று கணக்கு வைத்திருக்கிறது. அஸ் என்பது சில்லறைக் காசு, 16 அஸ் ஒரு டெனாரியஸ் என்ற வெள்ளி நாணயம். அதே ஊரில் ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு அடியில் வெளிப்போக்கே இல்லாத ஒரு நிலவறைச் சாக்கடை. அகழாய்வில் அதிலிருந்து 700க்கும் மேற்பட்ட மூட்டைக் கழிவு எடுக்கப்பட்டது. அத்தி விதை, மீன்முள், முட்டையோடு எல்லாம் அதில் கிடந்தன.

அள்ளியது எங்கே போனது என்றால், வயலுக்கு. கி.பி. முதல் நூற்றாண்டின் வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா அளவோடு சொல்கிறார். பறவை எச்சம் முதல் தரம், மனிதக் கழிவு அடுத்தது. ஆனால் அது சூடு என்பதால் பண்ணைக் கூளத்தோடு கலந்தே போட வேண்டும். இரண்டு எருக்குழி வைத்துக்கொள்ள வேண்டும்: ஒன்றில் புதிதாகப் போட்டு ஓராண்டு மக்கவிட வேண்டும், மற்றதிலிருந்து பழையதை எடுக்க வேண்டும். அடர்த்தியாகப் போட்டால் ஒரு யூகெரம் (நில அளவு) நிலத்துக்கு 24 வண்டி, மேலாகப் போட்டால் 18. ஒரு வண்டி 80 மோடியஸ் (முகத்தல் அளவு). மோடியஸ் சுமார் 8.7 லிட்டர், யூகெரம் சுமார் 62 சென்ட். அப்படியானால் 62 சென்ட் நிலத்துக்குக் குறைந்தது 12.5 கன மீட்டர் எரு. இந்த அளவை நகர்ப்புறத் தோட்டங்கள் எல்லாம் ஆண்டுதோறும் கேட்டால், நகரத்துக் கழிவைத் தேக்கி வைத்து மக்கவிட வாசலுக்கு வெளியே பரந்த மேடு தேவைப்படும். எஸ்குவிலின் போன்ற இடத்தில் குப்பை கிடந்ததற்கு இதுவும் காரணம்: கொட்டி மறந்த இடமல்ல, வண்டி மாறும் இடம்.

குப்பையோடு உடைந்த பானை ஓடுகளும் வயலுக்குப் போகும். கிரேக்கத்தின் பொயோஷியாவில் தொல்லியலாளர்கள் பின்ட்லிஃப், ஸ்னாட்கிராஸ் குழு வயல்வயலாக நடந்து ஓடு எண்ணியபோது, ஊரைச் சுற்றி அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போகக் குறைந்தும் ஒரு வளையம் கிடைத்தது. எரு போட்டதன் அடையாளம் என்றார்கள்.

#10 மண்ணடுக்கு

எருமேடு, அந்த வளையத்தை முழுசாக நம்ப வேண்டாம். உழவால் ஓடு நகரும், மழை கீழ்ச்சரிவுக்கு இழுக்கும், அழிந்துபோன சின்னக் களத்துவீடும் அதே மாதிரி சிதறல் தரும். ஓட்டின் விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கிறதா, அளவு சீராகச் சிறுத்திருக்கிறதா, காலம் கலந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகே எரு என்று சொல்லலாம். கூர்மையான பெரிய ஓடு, ஒரே காலத்தது என்றால் பக்கத்தில் வீடு இருந்தது.

#11 ஓட்டாஞ்சில்லு

எல்லாக் கழிவும் மறுபடி பயன்படவில்லை என்பதற்கு மோன்டே டெஸ்டாச்சோ. டைபர் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், சுற்றளவு சுமார் ஒரு கிலோமீட்டர், உயரம் 35 மீட்டர் அளவில் நிற்கும் குன்று. முழுக்க உடைந்த ஜாடி. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தென் ஸ்பெயினின் பெட்டிகாவிலிருந்து ஒலிவ எண்ணெய் வந்த உருண்டை ஜாடிகள். காலி ஜாடி 30 கிலோ, உள்ளே 70 கிலோ எண்ணெய். மீதி வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை.

ஏன் மறுபடி பயன்படுத்தவில்லை? மது ஜாடிக்கு உட்புறம் பிசின் பூசுவார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் ஜாடிகளில் பெரும்பகுதி அந்த மது வகைதான். எண்ணெய் பிசினைக் கரைத்துவிடும் என்பதால் எண்ணெய் ஜாடிக்குப் பொதுவாகப் பூச்சு கிடையாது. எண்ணெய் நேரே மண்ணுடலில் ஊறி, சில வாரங்களில் சிக்குவாடை எடுக்கும். திரும்ப நிரப்ப முடியாது. இடித்துச் சுண்ணாம்புக் காரையில் சேர்க்கலாம் என்றால், ஊறிய எண்ணெய் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகிப் பிடிப்பைக் கெடுக்கும். கனமான வளைந்த துண்டு தளத்துக்கும் படியாது. ஆகவே ஒதுக்குவதுதான் வழி.

ஒதுக்கியதிலும் ஒழுங்கு இருந்தது. முழு ஜாடிகளுக்குள் சில்லுகளை நிரப்பி வரிசையாக வைத்துத் தடுப்புச் சுவர் கட்டுவார்கள். அதற்குப் பின்னால் உடைத்த சில்லைக் கொட்டி நிரப்புவார்கள். ஒரு படி நிரம்பியதும் பின்னால் தள்ளி அடுத்த படி. வாடைக்கு மேலே சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். இந்தச் சுண்ணாம்புதான் ஜாடிகளின் மேல் மையால் எழுதியதைக் காப்பாற்றியது: வெறும் ஜாடியின் எடை, வணிகர் பெயர், எண்ணெயின் எடை, சோதித்த அதிகாரி, அந்த ஆண்டின் கான்சல்களின் (ஆண்டுதோறும் மாறும் தலைமை அதிகாரிகள்) பெயர்கள். 1872இல் ஹைன்ரிச் டிரெசெல் இவற்றைப் படித்து வரிசைப்படுத்தினார். இன்றும் அந்த ஜாடிக்கு "டிரெசெல் 20" என்றுதான் பெயர். ஆண்டு எழுதிய குப்பைமேடு வேறெங்கும் இவ்வளவு பெரிதாகக் கிடைக்காது.

ஜாடி எண்ணிக்கை 5.3 கோடி என்று எங்கும் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குன்றின் கன அளவு 5,80,000 கன மீட்டர் என்கிறார்கள். 5.3 கோடி × 30 கிலோ = ஏறக்குறைய 16 லட்சம் டன். வகுத்தால் கன மீட்டருக்கு 2.7 டன். சுட்ட மண்ணே அவ்வளவு அடர்த்தி கிடையாது, இடையில் காற்றிடம் வேறு இருக்கிறது. 2.5 கோடி என்று வைத்தால் 1.3 டன் வரும், சில்லுக் குவியலுக்கு அது பொருந்தும். பெரிய எண்ணை இனி எடுத்தாள வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

#12 வினவி

கல்லறைக்குள்ளேயே குப்பை கிடந்ததாகப் பொம்பேயைப் பற்றிப் படித்தேன். அங்கே கல்லெழுத்து சொன்ன எல்லைக் கணக்கு உடைகிறதே?

#13 மண்ணடுக்கு

உடையவில்லை, அங்கே வேறு கணக்கு. பொம்பேயில் கல்லறைகள் ஒதுக்குப்புறத்தில் இல்லை. வாசலிலிருந்து கிளம்பும் சாலையின் இரு ஓரமும், கடை, சத்திரம், வீடு ஆகியவற்றுக்கு நடுவில் நிற்கின்றன. செத்தவர் பெயரை வழிப்போக்கர் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் கல்லறை கட்டினால் குப்பையும் அங்கே வரத்தான் செய்யும். "வழிப்போக்கனே, இந்தக் கல்லறைமேல் சிறுநீர் கழிக்காதே, எலும்புகள் கெஞ்சுகின்றன" என்று கல்லறையில் எழுதிவைத்தார்கள். கவலை இருந்ததால்தான் எழுதினார்கள்.

சுவருக்கு வெளியே வடபக்கம் குவிந்திருந்த மேடுகளை, கி.பி. 62 வாக்கில் வந்த நிலநடுக்கத்தின் இடிபாடு என்றே வெகுகாலம் எண்ணினர். தொல்லியலாளர் அலிசன் எமர்சன் உள்ளிட்டோர் மண்ணையும் உள்ளடக்கத்தையும் பார்த்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தனர். நகரத்துக் குப்பை வெளியே வந்து குவிந்தது, பிரிக்கப்பட்டது, பிறகு நகருக்குள்ளேயே கட்டட நிரப்பாகத் திரும்பிப் போனது. தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் ஜாடிச்சில்லு, ஓடு, பழைய காரைக்கட்டி போட்டு, மேலே பூசி மூடினார்கள்.

களத்தில் இதைப் பிரிக்கும் வழி: வீட்டு உறிஞ்சுகுழியில் விழுந்த குப்பை என்றால் மண் கருத்து, விதை, மீன்முள், பாசி நிறக் கறை இருக்கும், பானைகள் ஒட்டிச் சேர்க்கக்கூடிய அளவுக்குப் பெரிய துண்டாக இருக்கும். வெளியே போய்த் திரும்பி வந்த நிரப்பு என்றால் மண் மணற்பாங்காக இருக்கும், துண்டுகள் சிறுத்து ஒன்றோடொன்று ஒட்டாது, காலம் பல தலைமுறை கலந்திருக்கும். இரண்டாவது வகைக் குப்பையில் கிடைத்த நாணயத்தை வைத்து அந்த வீட்டுக்காரர் என்ன வைத்திருந்தார் என்று எழுதுவது, நான் அடிக்கடி காணும் பெரிய பிழை. அந்த நாணயம் நகரின் வேறு மூலையிலிருந்து வந்தது. தரை எப்போது போடப்பட்டது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

#14 எருமேடு

சரியாகச் சொன்னீர்கள். கல்லறை ஓரத்துக் குவியலுக்கும் அதே சோதனை வேண்டும். கல்லறைமுன் படையலிட்டு உண்ட மிச்சமும் எலும்பும் ஓடுமாகவே கிடக்கும். பன்றி, கோழி எலும்பு, கிண்ணம், விளக்கு, எரிந்த பழம் சேர்ந்து இருந்தால் படையல். மாட்டுக் கொம்பு, தாடை, கசாப்பு வெட்டுக்குறி என்றால் கடைக் கழிவு.

#15 தாழிக்காடு

ஏழைகளுக்குப் புட்டிகுலி மட்டுமே வழி என்று எண்ணிவிடக் கூடாது. இடைப்பட்ட வழிகள் பல இருந்தன. போர்டுஸ் துறைமுகத்தை அடுத்த இசோலா சாக்ரா இடுகாட்டில், கட்டிய கல்லறைகளுக்கு இடையே மண்ணில் புதைத்தவற்றைப் பார்க்கலாம். உடல்மேல் கூரை ஓடுகளை இரண்டு பக்கமும் சாய்த்துக் கூடாரம்போல் மூடியவை. ஜாடியை அறுத்து உடலை மூடியவை. ஜாடிக் கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவை. அதன் வழியே மதுவோ தண்ணீரோ ஊற்றுவார்கள். குழந்தைகளுக்கு ஜாடியே தாழி. ஓட்டாஞ்சில்லு சொன்ன குப்பை ஜாடிதான் இங்கே பிணப்பெட்டி. ஒரே பொருள் எங்கே குப்பை, எங்கே ஈமக்கலம் என்பது பயன்படுத்துபவர் கையில் இருந்தது.

சற்று வசதி இருந்தால், சாம்பல் கலசம் வைக்கும் புறாக்கூண்டு போன்ற மாடங்கள். ஆப்பிய சாலையில் 1726இல் கண்ட, அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டு அடிமைகள், விடுதலை பெற்றோர் மண்டபத்தில் சுமார் 3,000 பேரின் சாம்பலுக்கு இடமிருந்தது. குழு வைத்துச் சந்தா கட்டி மாடம் வாங்கியவர்களும் உண்டு. விறகுச் செலவும் மாடச் செலவும் தாங்காதவர்களே பொதுக்குழிக்குப் போனார்கள்.

எஸ்குவிலின் பொதுக்குழிகளின் முடிவு கி.மு. 30களில் வந்தது. பேரரசர் அகஸ்டஸின் நெருங்கிய துணைவர் மைசினாஸ் அந்த நிலத்தில் 6 முதல் 8 மீட்டர் தூய மண் கொட்டித் தோட்டம் அமைத்தார். "முகப்பில் 1000 அடி, வயல் பக்கம் 300 அடி" என்று அந்த இடுகாட்டின் எல்லைக்கல் சொன்னதைக் கவிஞர் ஹொராஸ் எழுதியிருக்கிறார். 296 × 89 மீட்டர். அந்த மண்மூட்டம்தான் லான்சியானி காலம்வரை குழிகளைக் காத்தது.

#16 வினவி

கடைசியாக ஒன்று. சென்டியஸ் கல்லில் சிவப்பு எழுத்து இருப்பதாக எங்கோ பார்த்தேன். அது சட்டத்தின் பகுதியா?

#17 கல்லெழுத்து

இல்லை. வெட்டிய சட்ட வாசகத்துக்குக் கீழே, ஒரு கல்லில் சிவப்பு மையால் பின்னால் எழுதியது. "குப்பையைத் தூரமாகக் கொண்டுபோ, கேடு வராமலிருக்க" என்று பொருள். எழுதியவர் அதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கல்லில் குறிப்பில்லை. வெட்டெழுத்து செனட்டின் பெயரால் பேசுகிறது. சிவப்பு எழுத்து வண்டியோட்டியைப் பார்த்து நேரே பேசுகிறது, பிணத்தைக் குறிப்பிடவேயில்லை, குப்பையை மட்டும் சொல்கிறது. அன்றாடம் தொந்தரவு தந்தது எது என்பது அதில் தெரிகிறது.

தென் இத்தாலியின் லுசேரியாவில் இருந்த இன்னும் பழைய கல்வெட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சோலையில் குப்பை கொட்டக் கூடாது, பிணம் போடக் கூடாது, முன்னோர்க்குச் சடங்கும் செய்யக் கூடாது என்று மூன்றையும் ஒரே வரியில் தடுக்கிறது. மூன்றாவதில் நாற்றமும் இல்லை, நோயும் இல்லை. அங்கே தீட்டுதான் காரணம். எஸ்குவிலின் சிவப்பு எழுத்தில் தீட்டு பற்றிப் பேச்சே இல்லை, தூரம் மட்டும்தான். லான்சியானி 1884இல் அந்தக் கல்லை எடுத்தபோது, கிளறிய மண்ணின் நாற்றம் தாங்காமல் தோண்டும் ஆட்களை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்தும், கல் நின்ற இடத்திலேயே.